தோலால் பார்ப்பது: குளிரூட்டாத அகச்சிவப்பு உணரிகள் வந்த வழியும் நிற்கும் இடமும்

கோவையிலிருந்து பாலக்காட்டுக்குப் போகும் ரயில் பாதையில் மதுக்கரையைத் தாண்டினால் யானை நடமாடும் காடு. இருட்டில் தண்டவாளத்தைக் கடக்கும் யானை ரயில் ஓட்டுநரின் கண்ணுக்குப் படும்போது பிரேக் போட்டுப் பயனில்லை. 2024 பிப்ரவரியில் தமிழ்நாடு வனத்துறை அங்கே கோபுரங்களை நிறுத்தி, சாதாரணக் கேமராக்களோடு தெர்மல் கேமராக்களையும் பொருத்தியது. விளக்கே வேண்டியதில்லை. யானை தன் உடம்புச் சூட்டாலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். படத்தில் இருப்பது யானைதானா என்று பார்த்துச் சொல்லும் செயற்கை நுண்ணறிவைப் பற்றித்தான் அப்போது செய்திகள் நிறைய வந்தன. எனக்கென்னவோ, அந்தச் சூட்டைப் பிடிக்கும் சின்னஞ்சிறு சில்லுதான் அதைவிடப் பெரிய அதிசயமாகப் படுகிறது.

37 டிகிரி சூட்டில் இருக்கும் ஓர் உடல் அகச்சிவப்புக் கதிரை ஓயாமல் வெளியிடுகிறது. அதன் உச்சம் 9.4 மைக்ரான் அலைநீளத்தை ஒட்டி இருக்கும் (மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒன்று). நம் கண் பார்க்கும் பச்சை ஒளியோ அரை மைக்ரான்தான். அலைநீளம் கூடக்கூட ஒவ்வொரு ஒளித்துகளின் ஆற்றலும் குறையும். 10 மைக்ரான் கதிரின் ஒரு ஃபோட்டானில், அதாவது ஒளித்துகளில், 0.12 எலக்ட்ரான் வோல்ட் மட்டுமே உண்டு, பச்சை ஒளியில் இருபதில் ஒரு பங்கு. செல்போன் கேமராவில் இருக்கும் சிலிக்கானுக்கு இந்த மெல்லிய தட்டல் உறைக்கவே உறைக்காது. எலக்ட்ரானை நகர்த்த அவ்வளவு சிறிய ஆற்றல் போதும் என்கிற வேறு பொருளைத் தேடிப் பிடித்தால் இன்னொரு தொல்லை: அறை வெப்பமே அந்த எலக்ட்ரான்களைத் தட்டி எழுப்பிவிடும். வெளியிலிருந்து வந்த சமிக்ஞை எது, உள்ளே கிளம்பிய இரைச்சல் எது என்று பிரிக்க முடியாது. சந்தைக் கூச்சலில் ரகசியம் கேட்பது மாதிரி.

அதற்குக் கண்டுபிடித்த பரிகாரம் குளிர். 1959-இல் இங்கிலாந்தின் மால்வர்ன் நகரில் இருந்த ராயல் ரேடார் ஆய்வகத்தில் பாதரசம், காட்மியம், டெல்லூரியம் மூன்றும் கலந்த ஒரு குறைகடத்தியை உருவாக்கினார்கள். இன்றுவரை உயர்தர ராணுவக் கேமராக்களின் ராஜா அதுதான். ஆனால் 10 மைக்ரான் கதிரைப் பார்க்க அதைத் திரவ நைட்ரஜனின் குளிருக்கு, சுமார் மைனஸ் 196 டிகிரிக்கு இறக்க வேண்டும். கேமராவுக்குள் ஒரு குட்டிக் குளிர்பதன இயந்திரம் ஓடிக்கொண்டே இருக்கும். அது தேயும், மின்சாரம் குடிக்கும், விலையையும் ஏற்றும். போர்விமானத்துக்குக் கட்டுப்படியாகும், ரயில் பாதையோரக் கம்பத்துக்கோ தீயணைப்பு வீரரின் கைக்கோ அவ்வளவு எளிதில் வராது.

ஃபோட்டான்களை எண்ணுவதையே விட்டுவிட்டால்? கதிர் வந்து விழுந்தால் விழுந்த இடம் சூடாகும். அந்தச் சூட்டை அளந்தால் போதும். மாடியில் கண்ணை மூடி நின்றாலும் வெயில் எந்தப் பக்கம் என்று கன்னம் சொல்கிறதே, அந்த வழி. முதல் வகை உணரியைக் கண் என்றால் இது தோல்.

அகச்சிவப்பு கண்டுபிடிக்கப்பட்டதே இந்தத் தோல் வழியில்தான். 1800-இல் வில்லியம் ஹெர்ஷல் முப்பட்டகத்தால் வெயிலை நிறம் பிரித்து, சிவப்புக்கு அப்பால் வெளிச்சமே இல்லாத இடத்தில் வெப்பமானியை வைத்தார். பாதரசம் ஏறியது. அடுத்த பெரிய தாவல் 1880-ஐ ஒட்டி அமெரிக்காவின் சாமுவேல் லாங்லியுடையது. மயிரிழை போன்ற பிளாட்டினக் கீற்றுகளில் மின்சாரத்தைச் செலுத்தி, கதிர் பட்டதும் கீற்றின் மின்தடை மாறுவதை அளந்தார். கால் மைல் தொலைவில் நிற்கும் பசுமாட்டின் சூட்டை அது உணர்ந்துவிடும் என்று சொல்வார்கள். போலோமீட்டர் என்ற பெயர் அவருடைய கருவிக்கு வந்ததுதான்.

இயற்கை இதை எப்போதோ செய்துவிட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையில் இருக்கும் குழிவிரியன் பாம்பின் கண்ணுக்கும் மூக்குத் துளைக்கும் நடுவே ஒரு குழி உண்டு. குழிக்குள், முன்னும் பின்னும் காற்று நிற்க, சுமார் 15 மைக்ரான் தடிமனுள்ள ஒரு சவ்வு தொங்குகிறது. எலியின் சூடு படும்போது அந்தச் சவ்வு மிக மிகச் சிறிதளவு சூடேறுகிறது, அதை நரம்புகள் படிக்கின்றன. அங்கே வேலை செய்வது டிஆர்பிஏ1 என்ற புரதம் என்று 2010-இல் கண்டறிந்தார்கள். நம் உடம்பில் அதே புரதம் கடுகின் காரத்தை உணரப் பயன்படுகிறது என்பது உபரித் தகவல். நாம் கவனிக்க வேண்டியது புரதத்தை அல்ல, சவ்வு தொங்கும் விதத்தை. மெல்லியதாக இருந்தால் சட்டென்று சூடாகும். எதையும் ஒட்டாமல் தொங்கினால் வாங்கிய சூடு உடம்புக்குள் ஓடிப்போகாது. மெலிவு, தனிமை. குளிரூட்டாத உணரிகளின் மொத்தத் தொழில்நுட்பமும் இந்த இரண்டைத் துரத்திக்கொண்டு ஓடியதுதான்.

1980-களில் அமெரிக்காவின் ஹனிவெல் நிறுவனத்தில் ஆண்ட்ரூ வுட்டின் குழு, அமெரிக்க ராணுவப் பணத்தில், ரகசியமாக, அந்தச் சவ்வைச் சிலிக்கான் சில்லின் மேல் ஆயிரக்கணக்கில் கட்டியது. இதற்கு மைக்ரோபோலோமீட்டர் என்று பெயர். ஒவ்வொரு பிக்சலும் ஓர் ஊஞ்சல் பலகை. சில்லுக்கு மேலே சுமார் 2.5 மைக்ரான் உயரத்தில், இரண்டே இரண்டு ஒல்லியான கைகளில் அது நிற்கும். பலகை சிலிக்கான் நைட்ரைடு. அதன் மேல் வனேடியம் ஆக்சைடு பூச்சு. ஒரு டிகிரி சூடேறினால் இந்தப் பூச்சின் மின்தடை ஏறக்குறைய 2 விழுக்காடு குறையும். கீழே சில்லில் ஓர் எதிரொளிக்கும் பூச்சு, பலகையைத் தாண்டிப் போன கதிரைத் திருப்பி அனுப்ப. 1992-இல் ரகசியத் திரை விலகியதும் பல நிறுவனங்கள் உரிமம் வாங்கிக்கொண்டு களத்தில் இறங்கின.

இதில் எனக்கு மலைப்பைத் தருவது எண்கள்தான். 17 மைக்ரான் பக்கமுள்ள ஒரு பிக்சலை எடுத்துக்கொள்வோம். முன்னால் நல்ல அகலமான லென்ஸ். எதிரே இருக்கும் பொருளின் சூடு ஒரு டிகிரி கூடினால் அந்தப் பிக்சலுக்குக் கூடுதலாக வந்து சேரும் ஆற்றல் ஒரு வாட்டில் ஆயிரம் கோடியில் ஒன்றோ இரண்டோ பங்கு. அதனால் பலகை சூடேறுவது ஒரு டிகிரியில் ஆயிரத்தில் ஐந்து பங்கு. மின்தடை மாறுவது பத்தாயிரத்தில் ஒன்று. கேமராவோ ஒரு டிகிரியை அல்ல, 0.05 டிகிரி வித்தியாசத்தையும் காட்டுவேன் என்கிறது. அப்படியானால் பத்து லட்சத்தில் ஐந்து பங்கு மாற்றத்தைப் படிக்க வேண்டும். லட்சக்கணக்கான பிக்சல்களில், நொடிக்கு 30 தடவை.

இந்த இடத்தில் காற்றே எதிரி. பலகைக்கும் சில்லுக்கும் நடுவில் இருக்கும் 2.5 மைக்ரான் இடைவெளியில் சாதாரணக் காற்று நின்றால், கைகள் வழியாகக் கசிவதைப் போல நூறு மடங்கு வெப்பம் அதன் வழியே கசிந்துவிடும். அதனால் மொத்தச் சில்லையும் வெற்றிடத்தில் அடைக்க வேண்டும். அந்த வெற்றிடம் பல ஆண்டுகள் கெடாமல் இருக்க வேண்டும். நெடுநாள் வரை கேமராவின் விலையில் சில்லைவிட அந்த வெற்றிடப் பெட்டியின் பங்குதான் கண்ணை உறுத்தியது. சில்லுகளைத் தனித்தனியாக அடைக்காமல், பல சில்லுகள் ஒன்றாக இருக்கும் சிலிக்கான் வட்டான முழு வேஃபரின் மேலேயே இன்னொரு வேஃபரை மூடியாகக் கவிழ்த்து, வெற்றிடத்தில் ஒட்டி, பிறகு துண்டு போடும் முறை வந்ததும்தான் விலை இறங்கியது.

வனேடியம் ஆக்சைடுக்குப் போட்டியும் இருந்தது. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பேரியம் ஸ்ட்ரான்ஷியம் டைட்டனேட் என்ற பீங்கான் வகையைப் பிடித்தது. சூடு மாறும்போது மின்னூட்டம் தரும் பொருள் அது. ஆள் நடந்தால் எரியும் வராந்தா விளக்குகளின் உணரிக்கும் அதே தத்துவம்தான். 2000-ஆம் ஆண்டின் காடிலாக் டிவில் காரில் இரவுப் பார்வை வசதியாக வந்தது அந்தத் தொழில்நுட்பம். அதில் ஒரு சங்கடம் உண்டு: சூடு மாறினால்தான் சமிக்ஞை, அசையாத காட்சி மங்கி மறைந்துவிடும். அதனால் லென்ஸுக்குப் பின்னால் ஒரு சக்கரம் சுழன்று காட்சியை வெட்டி வெட்டிக் காட்ட வேண்டியிருந்தது. பிரான்ஸில் சிஇஏ லேட்டி ஆய்வகம் படிகமற்ற சிலிக்கானைத் தேர்ந்தெடுத்தது; இரைச்சல் சற்றுக் கூடுதல், ஆனால் வழக்கமான சில்லுத் தொழிற்சாலையிலேயே செய்துவிடலாம். அந்த வழியில் வந்த உலிஸ் நிறுவனம் 2019-இல் சோஃப்ராடிருடன் இணைந்து லின்ரெட் ஆனது. சக்கரம் சுழற்றிய முறை சந்தையில் தோற்றது. மற்ற இரண்டும் பிழைத்தன. தோற்றதை மறக்க வேண்டாம், அது வேறு வேடத்தில் திரும்பி வருகிறது.

பிறகு நடந்தது சுருக்கும் பந்தயம். ஆரம்பத்தில் 50 மைக்ரானாக இருந்த பிக்சல் 25, 17, 12 என்று இறங்கியது. பிறகு 8 மைக்ரானையும் எட்டியது. சீன நிறுவனங்கள் விலையை இறக்கியதில் மட்டுமல்ல, சுருக்கியதிலும் முன்வரிசையில் நிற்கின்றன. 2014-இல் அமெரிக்காவின் ஃபிளிர் நிறுவனம் செல்போனில் மாட்டும் தெர்மல் கேமராவை விற்கத் தொடங்கியபோது, பத்தாண்டுகளுக்கு முன்பு லட்சங்களில் பேசப்பட்ட பொருள் நடுத்தரக் குடும்பத்துக் கைக்கு எட்டியது. ஆனால் இந்தப் பந்தயத்துக்கு இயற்கையே ஒரு சுவர் வைத்திருக்கிறது. 10 மைக்ரான் அலைநீளமுள்ள கதிரை எந்த லென்ஸாலும் அதைவிட ரொம்பச் சின்னப் புள்ளியாகக் குவிக்க முடியாது. 8 மைக்ரானுக்குக் கீழே இன்னும் சுருக்கினால் கோப்பில் பிக்சல் எண்ணிக்கை கூடும், படத்தில் விவரம் அந்த அளவுக்குக் கூடாது. செல்போன் விளம்பரங்களில் பார்த்துப் பழகிய மெகாபிக்சல் கதைதான்.

இந்தக் கேமராவைக் கையில் பிடித்தவர்கள் நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் 'டிக்' சத்தத்தை அறிவார்கள். உள்ளே ஒரு தகடு சில்லின் முன்னால் வந்து மூடித் திறக்கிறது. சில்லே மணிக்கு மணி சூடேறிக்கொண்டிருக்க, ஒவ்வொரு பிக்சலும் தன் போக்கில் விலகிக்கொண்டே போகும். ஒரே சூடுள்ள தகட்டைக் காட்டி எல்லாப் பிக்சலையும் ஒரே கோட்டுக்குக் கொண்டுவருகிறார்கள், வீணையை இடையிடையே சுருதி சேர்ப்பது போல. 2020-இல் கொரோனாக் காலத்தில் நடந்த குழப்பத்துக்கும் வேர் இதுதான். 0.05 டிகிரி வித்தியாசம் காட்டும் கருவி என்றால் காய்ச்சலை அளந்துவிடலாமே என்று வாசலுக்கு வாசல் வைத்தார்கள். பக்கத்துப் பிக்சலோடு ஒப்பிட்டு வித்தியாசம் காட்டுவது வேறு, இது 37.4 டிகிரி என்று அடித்துச் சொல்வது வேறு. பின்னதில் பல கேமராக்களின் பிழை இரண்டு டிகிரி வரை போகும். சூடு முன்பே தெரிந்த கரும்பொருள் (விழும் கதிரையெல்லாம் விழுங்கும் பொருள்) ஒன்றைக் காட்சிக்குள் வைத்து ஒப்பிடாவிட்டால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. எவர்சில்வர் பாத்திரத்தில் கொதிக்கும் பாலை இந்தக் கேமராவில் பாருங்கள்: பால் வெள்ளையாக ஜொலிக்கும், பாத்திரம் ஆறிப்போனதாகத் தெரியும். பளபளப்பான உலோகம் கதிரை வெளியிடுவதில் கஞ்சன்.

தோல் வழிக்கு இருக்கும் பெரிய வரம், அது நிறம் பார்ப்பதில்லை என்பது. எந்த அலைநீளம் வந்தாலும் சூடு சூடுதான். ஹெர்ஷலின் வெப்பமானி எல்லாவற்றையும் உணர்ந்தது. அப்படியிருக்க, இன்றைய தெர்மல் கேமரா 8 முதல் 14 மைக்ரான் வரை மட்டும் பார்க்கிறது. வரத்தை நாமே கைவிட்டோம், காரணத்தோடுதான். பலகைக்கும் எதிரொளிக்கும் பூச்சுக்கும் நடுவே விட்ட 2.5 மைக்ரான், 10 மைக்ரானில் சரியாகக் கால் பங்கு. அந்த இடைவெளியில் அந்த அலைநீளத்துக் கதிர் மாட்டிக்கொண்டு உறிஞ்சப்படும். அதனால்தான் அரை மைக்ரான் தடிமனுள்ள பலகை தன்னைவிடப் பல மடங்கு நீளமான அலையை விழுங்க முடிகிறது. மற்ற அலைநீளங்களுக்கு இந்தத் தந்திரம் பலிக்காது. தவிர, 8 முதல் 14 வரைதான் காற்று வழிவிடும் நல்ல சன்னல். யானைக்கும் திருடனுக்கும் இது போதும்.

போதாத இடங்கள் இருக்கின்றன. எரிவாயுக் குழாயில் கசியும் மீத்தேன் 3.3 மைக்ரானில் கதிரை விழுங்குகிறது; நெருப்பிலிருந்து கிளம்பும் சூடான கரியமில வாயு 4.3-ஐ ஒட்டி ஒளிர்கிறது. மின்வாரியச் சுவிட்சுகளில் இருக்கும் எஸ்எஃப்6 வாயு 10.6-இல் தெரியும். மூன்றையும் ஒரே கண்ணால் பார்க்க இன்றைய பிக்சல் உதவாது. இன்னும் முக்கியமானது துருவங்கள். உறைபனியில் கிடக்கும் நிலம், 240 கெல்வின் (சுமார் மைனஸ் 33 டிகிரி) என்று வைத்துக்கொண்டால், வெளியிடும் வெப்பத்தில் ஏறக்குறைய 60 விழுக்காடு 15 மைக்ரானுக்கு அப்பால் போகிறது. பூமி தன் சூட்டை விண்வெளிக்கு எவ்வளவு விடுகிறது என்ற கணக்கில் துருவம் ஒரு முக்கியமான புகைபோக்கி. அதன் பாதிக்கு மேற்பட்ட புகையை 2024 வரை அலைநீளம் பிரித்து முறையாக யாரும் அளந்ததில்லை.

2024 மே 25-க்கும் ஜூன் 5-க்கும் நடுவில் இதற்கு இரண்டு பதில்கள் விண்ணுக்குப் போயின. நாசாவின் ப்ரீஃபயர் திட்டத்தில் பெட்டி அளவே உள்ள இரண்டு குட்டிச் செயற்கைக்கோள்கள், நியூசிலாந்திலிருந்து. இடையில், மே கடைசியில், ஐரோப்பாவும் ஜப்பானும் சேர்ந்து செய்த எர்த்கேர் செயற்கைக்கோள். ப்ரீஃபயரில் இருப்பது 50 மைக்ரான் தாண்டியும் பார்க்கும் வெப்ப மின்னிரட்டை உணரிகள், அதாவது சூட்டு வித்தியாசத்தை நேரடியாக மின்னழுத்தமாக மாற்றுபவை. எர்த்கேரில் பூமியிலிருந்து வரும் கதிரை அளக்கும் கருவியில் இருப்பது கனடாவின் ஐஎன்ஓ நிறுவனம் செய்த மைக்ரோபோலோமீட்டர். புற ஊதாவில் தொடங்கி 50 மைக்ரான் வரை. இரண்டுக்கும் பொதுவாக ஒரு பழைய சரக்கு: தங்கக் கரி. குறைந்த அழுத்த வாயுவில் தங்கத்தை ஆவியாக்கினால் அது பளபளப்பாகப் படியாமல் விளக்குப் புகையைப் போலக் கறுப்பாகப் படிகிறது. கிட்டத்தட்ட எந்த அலைநீளம் வந்தாலும் குடித்துவிடும். விரல் பட்டால் உதிர்ந்துவிடும். ஓர் ஊஞ்சல் பலகையின் மேல் மட்டும் அதைப் படியவைத்து, பக்கத்துப் பலகையோடு ஒட்டாமல் பிரித்து, ராக்கெட்டின் அதிர்வையும் தாங்கவைத்தது சாதாரண வேலையில்லை.

முரண்பாடும் இங்கேதான் தலைதூக்குகிறது. நீண்ட அலைகளை விழுங்க வேண்டுமானால் கறுப்புப் பூச்சு தடிமனாக இருக்க வேண்டும். பூச்சு தடித்தால் பலகை கனக்கும், சூடேறவும் ஆறவும் நேரமாகும். சாதாரண மைக்ரோபோலோமீட்டரே ஆறுவதற்கு நொடியில் நூறில் ஒரு பங்கு எடுக்கிறது. ஓடும் பொருள் வால்விட்டுத் தெரிவதற்கு அதுதான் காரணம். கைகளை இன்னும் மெலித்துக் கசிவைக் குறைத்தால் உணர்வு கூடும், ஆனால் ஆறுவது மேலும் தாமதமாகும். என் தோராயக் கணக்கில், கைகளே இல்லாமல் பலகை அந்தரத்தில் நின்றால்கூட அது தானே கதிரை வெளியிட்டு வெப்பத்தை இழக்கும். இன்றைய பிக்சல் இழப்பது அதைப் போலப் பத்து மடங்கு. அந்தப் பத்து மடங்கை வேகம் குறையாமல் மீட்க ஒரே வழி கனத்தைக் குறைப்பது. அகலமாகப் பார் என்றால் தடிக்கச் சொல்கிறது, வேகமாகப் பார் என்றால் மெலியச் சொல்கிறது.

இந்த முடிச்சை அவிழ்க்கும் முயற்சிகளில் ஒன்று, பூச்சுக்குப் பதில் வடிவம். மெல்லிய உலோகத் துணுக்குகளை வெவ்வேறு அளவில் கோலம் போல அடுக்கினால் ஒவ்வொரு அளவும் ஓர் அலைநீளத்துக்கு ஆன்டெனாவாக இசையும். சேர்த்துப் பார்த்தால் அகன்ற பட்டை. கனமும் ஏறாது. ஆய்வகங்களில் இது நன்றாகவே வேலை செய்கிறது, ஆனால் அகலத்துக்கு வரம்பு உண்டு. குவாண்டம் புள்ளிகள் என்ற பாதரச டெல்லுரைடுத் துகள்களை மையைப் போலப் பூசி விலை மலிவாகச் செய்யும் முயற்சியும் நடக்கிறது. அது கண் வழிதான். குறுகிய அலைகளில் அறை வெப்பத்தில் அசத்துகிறது, 10 மைக்ரானை நெருங்கும்போது பழைய குளிர்ப் பிரச்சினை கதவைத் தட்டுகிறது.

என்னைக் கவர்ந்தது 2025 ஏப்ரலில் நேச்சர் இதழில் வந்த, அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகக் குழுவின் வேலை. டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கைவிட்ட அதே தத்துவம், சூடு மாறினால் மின்னூட்டம். பொருள் மட்டும் வேறு, பிஎம்என்-பிடி என்ற ஈயம் கலந்த படிகம். அதை 10 நானோமீட்டர், அதாவது மைக்ரானில் நூறில் ஒரு பங்குத் தடிமனுள்ள படலமாக வளர்த்து, வளர்த்த தளத்திலிருந்து கிழியாமல் உரித்து எடுத்திருக்கிறார்கள். குழிவிரியனின் சவ்வில் ஆயிரத்து ஐந்நூறில் ஒரு பங்குத் தடிமன். உரிப்பதற்கென்று இடையில் ஒரு பலிப்படலம் (பிறகு கரைத்து நீக்கிவிடும் படலம்) வைப்பதுதான் வழக்கம். இங்கே அது தேவைப்படவில்லை. படிகத்தில் இருக்கும் ஈய அணுக்களே கீழ்த்தளத்தோடு ஒட்டாமல் இருக்கச் செய்கின்றன, தோசைக்கல்லில் நன்றாக எண்ணெய் காட்டியது போல. குளிரூட்டாமலேயே தொலை அகச்சிவப்பு வரை அகன்ற பட்டையில் அது உணர்கிறது, குளிரூட்டும் உணரிகளோடு ஒப்பிடத்தக்க அளவில் என்கிறார்கள்.

கொண்டாடும் முன் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். அவர்கள் செய்து காட்டியது நூறு பிக்சல் அளவில். சாதாரணத் தெர்மல் கேமராவிலேயே 640-க்கு 480, அதாவது மூன்று லட்சத்துக்கு மேல். அத்தனையையும் வாசிப்புச் சில்லோடு இணைத்து, வெற்றிடத்தில் அடைத்து, ஒன்றுபோல நடக்கவைக்க வனேடியம் ஆக்சைடுக்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகள் பிடித்தன.

உணரி தயாரானாலும் லென்ஸ் இருக்கிறது. சாதாரணக் கண்ணாடி 5 மைக்ரானுக்கு அப்பால் சுவர்தான். சன்னல் கண்ணாடிக்குப் பின்னால் நிற்பவர் தெர்மல் கேமராவில் தெரியமாட்டார். அதனால் இன்றைய லென்ஸ்கள் ஜெர்மானியத்தில். உலகில் அதைச் சுத்திகரிப்பதில் பெரும்பங்கு சீனாவினுடையது; 2023 ஆகஸ்ட் 1 முதல் அங்கே ஏற்றுமதிக்கு உரிமம் கட்டாயமானதும் கேமரா நிறுவனங்கள் அவசர அவசரமாகக் கந்தக, செலினியக் கலவைக் கண்ணாடிகளின் பக்கம் திரும்பின. அந்தக் கண்ணாடியை அச்சில் அழுத்தி வார்க்கலாம், அதுவரை லாபம். ஆனால் ஜெர்மானியமானாலும் இந்தக் கலவையானாலும் 15, 20 மைக்ரானைத் தாண்டினால் மங்கத் தொடங்கிவிடும். 3-இலிருந்து 50 வரை ஒரே சீராக வழிவிட்டு, அன்றாடப் புழக்கத்தையும் தாங்கும் லென்ஸ் கிடைப்பது அரிது. செயற்கைக்கோள்கள் இதைக் கண்ணாடி வில்லைகளே இல்லாமல், வளைந்த ஆடிகளை வைத்துச் சமாளித்தன. ஆடி எல்லா அலைநீளத்தையும் ஒரே இடத்தில் குவிக்கும், ஆனால் இடத்தை அடைக்கும்; செல்போனின் முதுகில் அதற்கு இடம் கண்டுபிடித்தவர் இன்னும் யாருமில்லை.